எட்டுக் கல், நான்கு பேர், ஒரு கரும்பலகை

(உடற்கல்விப் பாடவேளை குறித்த ஆசிரியர் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



உடற்கல்விப் பாடவேளையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கும் இந்த அமர்வில், பனித்தளத்தில் ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றி நான் பேசப்போகிறேன். நம் ஊர் வெயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்தியபோது, மகளிர் உலகக் கர்லிங் போட்டியின் காணொலி ஒன்றைக் காட்டினேன். ஒரு பெண் பெரிய கல்லைத் தள்ளிவிடுகிறார். இரண்டு பெண்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் தரையை வேகவேகமாகத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். "டீச்சர், பெருக்குறதுக்கெல்லாமா கப் குடுக்குறாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பே சிரித்தது. நல்ல கேள்விதான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன்.

முதலில் ஆட்டம். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளம். அதன் கோடியில் வட்டங்கள் வரைந்த இலக்கு. கிட்டத்தட்ட 20 கிலோ எடை வரை உள்ள கிரானைட் கல். இந்தக் கற்களுக்குப் பெயர்போன இடம் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் உள்ள எய்ல்சா கிரெய்க் என்னும் சிறு தீவு. ஓர் அணியில் நான்கு பேர். ஆளுக்கு இரண்டு கல். ஆக, ஒரு சுற்றில் அணிக்கு எட்டுக் கல். 16 கற்களும் போய்ச் சேர்ந்தபின், மையத்துக்கு மிக அருகில் எந்த அணியின் கல் இருக்கிறதோ அந்த அணிக்கே புள்ளி. எதிரணியின் கல்லைத் தட்டி வெளியேற்றலாம். தன் கல்லுக்கு முன்னே இன்னொரு கல்லைக் காவலாக நிறுத்தலாம். கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். இப்படிப் பத்துச் சுற்றுகள்.

ஆண்களுக்கான உலகப் போட்டி 1959இல் தொடங்கியது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு வர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. 1979இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் முதல் மகளிர் உலகப் போட்டி நடந்தது. சுவிட்சர்லாந்து வென்றது. பிறகு 1989 முதல் 2004 வரை இரண்டு போட்டிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து நடத்தினார்கள். 2005 முதல் மகளிர் போட்டி தனியாக நடக்கிறது. 2009இல் தென்கொரியாவின் காங்னுங் நகரில் சீன அணி வென்றது. ஆசிய அணி ஒன்று உலகப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

இப்போது அந்த மாணவியின் கேள்வி. தேய்ப்பதால் என்ன ஆகிறது? பனித்தளத்தின்மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்திருப்பார்கள். சிறு சிறு பனிப்பருக்கள் மேல்தான் கல் வழுக்குகிறது. அவற்றை அழுத்தித் தேய்த்தால் வெப்பம் உண்டாகிறது, உராய்வு குறைகிறது. கல் இன்னும் சில அடி தூரம் போகிறது, வளைவதும் குறைகிறது. கை விட்டபின் கல்லை யாரும் தொடக்கூடாது. அதன் போக்கைத் திருத்தத் தேய்ப்பது ஒன்றே வழி. அதனால்தான் தள்ளியவருக்கு உள்ள மதிப்பு தேய்ப்பவருக்கும் உண்டு.

இதை வகுப்பில் செய்து பார்க்கப் பனி தேவையில்லை. ஒரு டம்ளரை வழவழப்பான மேசையில் கவிழ்த்து வையுங்கள். வலஞ்சுழியாகச் சுழற்றித் தள்ளுங்கள். அது இடப்பக்கமாக வளையும். கர்லிங் கல்லும் டம்ளர் விளிம்பைப் போன்ற ஒரு குறுகிய வளையத்தின்மீதுதான் நகர்கிறது. ஆனால் வலஞ்சுழியாகச் சுழலும் கல் வலப்பக்கம் வளைகிறது! இதற்கு எல்லா விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொண்ட ஒரே விளக்கம் இன்னும் வரவில்லை. "விடை புத்தகத்தில் இல்லை" என்று சொன்னபோது என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனி, நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

தென்கொரியாவில் உய்சோங் என்று ஓர் ஊரகப் பகுதி இருக்கிறது. பூண்டுக்குப் பெயர்போன ஊர். இளையோர் நகரங்களுக்குப் போய்விட, முதியோர் மிகுந்துவிட்ட ஊர். 2006இல் அங்கே கர்லிங்குக்கென்று ஓர் அரங்கம் திறந்தார்கள். உய்சோங் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த கிம் ஊன்-ஜங்கும் அவர் தோழி கிம் யோங்-மியும் பள்ளி விளையாட்டாக இதைக் கற்கத் தொடங்கினார்கள். யோங்-மிக்கு ஏதோ பொருள் கொடுக்க அரங்கத்துக்கு வந்த தங்கை கியோங்-ஏயும் சேர்ந்துகொண்டார். அணிக்கு ஆள் தேவை என்று கியோங்-ஏ தன் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போட, அதைப் பார்த்துச் சேர்ந்தவர் கிம் சொன்-யோங். பின்னாளில் வேறு ஊரிலிருந்து கிம் சோ-ஹி வந்தார். எல்லோருக்கும் குடும்பப் பெயர் கிம் என்பதால் அணிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் லீக் சுற்றின் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்றார்கள். தோற்றது ஜப்பானிடம் மட்டும். அதே ஜப்பானை அரையிறுதியில் கூடுதல் சுற்றில் 8-7 என்று வென்றார்கள். தேய்ப்பவரை நோக்கித் தலைவி "யோங்-மி!" என்று கூவிய குரல் நாடெங்கும் பரவியது. இறுதியில் ஸ்வீடனிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலான கதைகள் முடிந்துவிடும். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் இந்த ஐந்து பெண்களும் வெளிப்படையாகப் புகார் செய்தார்கள். தங்களை வழிநடத்தியவர்கள் இழிவாகத் திட்டினார்கள். பரிசுப் பணம் கைக்கு வரவில்லை. ரசிகர்கள் அனுப்பிய கடிதங்களையும் பரிசுகளையும் பிரித்துப் பார்த்த பிறகே தந்தார்கள் என்றார்கள். அரசு விசாரணை நடந்தது. புகார்களில் பெரும்பாலானவை உண்மை என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். நாடே கொண்டாடிய ஒலிம்பிக் வீராங்கனைகள் அவர்கள். அவர்களுக்கே வாய் திறக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நம்மை வளர்த்தவர்கள், நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்ற நன்றியுணர்ச்சியே வாயைக் கட்டிவிடும். அப்படியென்றால் நம் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண், தன்மீது அதிகாரம் உள்ள ஒரு பெரியவரைப் பற்றி நம்மிடம் வந்து சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

புகார் செய்ததோடு அந்தப் பெண்களின் ஆட்டம் முடிந்துவிடவில்லை. தேசிய அணி இடத்தை அதற்கு முன்பே இழந்திருந்தார்கள். 2020இல் மீண்டும் பெற்றார்கள். இடையில் ஊன்-ஜங் ஒரு குழந்தைக்குத் தாயானார். 2021இல் காங்னுங் நகர அணியில் சேர்ந்தார்கள். 2022 மார்ச்சில் கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த மகளிர் உலகப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். சுவிட்சர்லாந்திடம் 6-7 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். அந்தப் போட்டியில் கொரிய மகளிர் இறுதி ஆட்டத்தை எட்டியது அதுவே முதல் முறை.

வென்ற அணியிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. வழக்கமாகக் கடைசிக் கற்களைத் தள்ளுவது அணித்தலைவிதான். சுவிட்சர்லாந்துத் தலைவி சில்வானா திரின்சோனி அந்தப் பொறுப்பை அலினா பாட்ஸ் என்பவரிடம் கொடுத்தார். யார் நன்றாகச் செய்வாரோ அவர் செய்யட்டும் என்று விட்டார். 2019, 2021, 2022, 2023 என்று நடந்த நான்கு போட்டிகளையும் அந்த அணி தொடர்ந்து வென்றது. இடையில் 2020 போட்டி கொரோனாவால் நடக்கவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். நகரும் கல்லில் தன் காலோ துடைப்பமோ பட்டுவிட்டால், நடுவர் பார்க்காவிட்டாலும் ஆட்டக்காரர் தாமே சொல்லிவிட வேண்டும். இனி வெல்ல முடியாது என்று தெரிந்தால் தோற்கும் அணியே கைகொடுத்து ஆட்டத்தை முடித்துக்கொள்ளும். இது கூட்டத்தில் உபதேசம் செய்து வருவதில்லை. ஆடி ஆடித்தான் வரும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, தேர்வு நெருங்கும்போது நாம் முதலில் எடுத்துக்கொள்வது உடற்கல்விப் பாடவேளையைத்தான். பத்தாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். பாடம் முடிக்கும் நெருக்கடி எனக்கும் உண்டு. இருந்தாலும் அந்த 40 நிமிடம் பிள்ளைகளுடையது. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

இரண்டு, விளையாட ஆள் சேர்க்கும் கரும்பலகையைப் பெண் பிள்ளைகளிடமும் கொடுப்போம். ஆசிரியர் பெயர் கூப்பிட்டால் வராத பிள்ளை, தோழி கூப்பிட்டால் வருவாள்.

மூன்று, பிள்ளைகள் சொல்லவரும் வழிகளைத் திறந்து வைப்போம். 'மாணவர் மனசு' பெட்டி நம் பள்ளிகளில் இருக்கிறது. அதன் பூட்டு கடைசியாக எப்போது திறந்தது என்று நாளைக்கே பாருங்கள். 1098, 14417 ஆகிய எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது, "அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று தொடங்காமல், "சொல்லும்மா" என்று தொடங்குவோம்.

டம்ளர் சோதனையை இந்த வாரமே செய்து பாருங்கள். பிள்ளைகள் சொல்லும் விளக்கங்களை எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்வோம்.