கறுப்புக் கொட்டையும் கோழிக்கறியும்



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று தொடங்குவார் என நினைத்திருப்பீர்கள். இன்று நாங்கள் ஒரு கோழிக்கறியைப் பற்றிப் பேசுவோம்.

ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். ஆகவே மலாக்காவும் சிங்கப்பூரும் எங்களுக்கு அந்நியமான ஊர்களல்ல. அங்கே குடியேறிய சீன வணிகர்களும் அப்பகுதிப் பெண்களும் மணம்புரிந்து உருவான சமூகம் பெரனாக்கான் சீனர். அச்சமூகப் பெண்களை நோன்யா என்பார்கள். நோன்யாக்களின் பெருமைக்குரிய கறி 'ஆயாம் புவா கெலுவாக்'. ஆயாம் என்றால் கோழி. புவா கெலுவாக் என்பது தென்கிழக்காசியக் காட்டு மரமொன்றின் கொட்டை.

அந்தக் கொட்டை பச்சையாக இருக்கையில் நஞ்சு. அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு வெளிப்படும். அது உடலிற் சேர்ந்தால், இரத்தத்தில் ஒட்சிசன் இருந்தும் கலங்களால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே கொட்டைகளை அவித்து, சாம்பல், வாழையிலை, மண் இட்டு மூடி, ஏறக்குறைய 40 நாள் புதைத்து வைப்பார்கள். வெளிர்நிறப் பருப்பு கறுத்து, உண்ணத் தக்கதாகும். சந்தையில் வாங்க வேண்டியது இப்படிப் பதப்படுத்திய கொட்டையைத்தான்.

வீட்டிலும் பொறுமை வேண்டும். ஒரு கோழிக்குப் பன்னிரண்டு கொட்டை போதும். அவற்றைத் தேய்த்துக் கழுவி, நாள்தோறும் தண்ணீர் மாற்றி, மூன்று முதல் ஐந்து நாள் ஊறவிட வேண்டும். பிறகு ஓட்டின் ஒரு முனையை உடைத்துப் பருப்பைத் தோண்டி எடுக்கலாம். கெட்ட மணமுள்ளதை எறிந்துவிடுங்கள். நல்ல பருப்பை உப்பும் சிறிது சீனியும் சேர்த்து இடித்து, அரைத்த இறாலுடன் பிசைந்து, திரும்பவும் ஓட்டுக்குள் அடைப்பார்கள். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உள்ளி, மஞ்சள், பேரரத்தை, இறாற் களியான பெலாச்சான் ஆகியவற்றை அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கோழியையும் கொட்டைகளையும் இட்டு, புளிக்கரைசல் விட்டு, மெல்லிய நெருப்பில் ஒரு மணிநேரம் வேகவிட வேண்டும். மறுநாள் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடும்.

நோன்யாக்கள் அளவை 'அகாக் அகாக்' என்பார்கள். எங்கள் கண்ணளவுதான் அது. கண்ணளவு கையோடு போய்விடும். சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூவின் தாயார் 1974இல் தமது சமையற் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். அவர் எழுதிவைத்ததால் பிறர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சமையலைக் கற்க முடிந்தது.

எங்கள் மரவள்ளிக்கிழங்கை எண்ணிப் பாருங்கள். அதிலும் அதே சயனைட்டு உண்டு. தோலை நன்றாகச் சீவி, சட்டியைத் திறந்துவைத்து அவிக்க வேண்டும் என்று அம்மாமார் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால், "அது அப்பிடித்தான், மூடாதை" என்பதே பதில். நஞ்சு ஆவியோடு வெளியேறவே மூடியைத் திறந்தார்கள். அந்தக் காரணம் தெரியாத பிள்ளை, ரொறன்ரோவிலோ லண்டனிலோ நேரம் மிச்சமென்று குக்கரை மூடிவிடுவாள். அவளிற் பிழையில்லை. செய்முறையைக் கொடுத்த நாங்கள் காரணத்தைக் கொடுக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் எங்களுக்குப் பழக்கியது 'ஏன்' என்று கேட்கத்தான். அந்தக் கேள்வியை அடுப்படிக்கும் கொண்டுபோவோம். அம்மாவோ பெரியம்மாவோ இருக்கும்போதே தொலைபேசி எடுத்துக் கேட்போம். எவ்வளவு என்பதோடு, ஏன் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்போம், மகன்மாருக்கும் சேர்த்துத்தான்.