மணமுறிவும் சட்டமும்: நாம் அறிய வேண்டியவை

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி இராசிபுரத்தில் ஆற்றிய உரை)

 

மங்கல விழாவில் மணமுறிவைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் தேர்வுக்குப் பாடம் சொல்வதோடு கல்விச் சங்கத்தின் கடமை முடிவதன்று. நம் மக்கள் எங்கே அறியாமையால் இழப்புக்கு உள்ளாகின்றனரோ, அங்கே விளக்கேற்றுவதும் அதன் கடமையே.

நாம் செய்த பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கணவனையும் மனைவியையும் தீர்த்துவிட ஊர்ப் பெரியவர்கள் கூடினர். "படித்த பிள்ளை, நீ எழுது" என்று நம்மை அழைத்தனர். முத்திரைத்தாளில், இருவருக்கும் இனி ஒருவர்மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை என்று அழகிய கையெழுத்தில் எழுதினோம். இருவரும் கைநாட்டு வைத்தனர். சீர்ப் பாத்திரங்களோடு அப்பெண் தாய்வீடு சென்றாள். பாத்தியமில்லை என்ற சொல்லை நம்பி, ஜீவனாம்சம் கேட்கவேயில்லை. அவனோ வேறொரு பெண்ணை மணந்தான். அவள் மரவள்ளிக் காட்டிலும் சவ்வரிசி ஆலையிலும் கூலிக்கு உழைத்து இரு பிள்ளைகளை வளர்த்தாள். அரசுப் பணியாளனான அவன் பணிக்காலத்திலேயே இறந்தபோது, குடும்ப ஓய்வூதியம் கேட்டுச் சென்றவளிடம் நீதிமன்றத் தீர்ப்பாணையைக் கேட்டனர். அவள் நாம் எழுதிய தாளை நீட்டினாள். அது செல்லவில்லை. இரு பெண்களின் வாழ்விலும் இருள் சேர்த்த அந்த எழுத்து நம் எழுத்தே.

நம் முன்னோரின் வழக்கம் இழிவானது என்று நாம் சொல்லவில்லை. 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்று நம்மை ஏளனம் செய்தனர். ஆனால், ஒவ்வாத மணத்திலிருந்து விடுபடவும் மறுமணம் செய்யவும் பெண்ணுக்கு இடமளித்த வழக்கம் அது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து, மணமுறிவுக்கும் வழிசெய்தது. அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகப் போராடி, அது நிறைவேறாத நிலையில் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. அச்சட்டம் பௌத்தர்க்கும் பொருந்தும். ஏளனம் செய்தவர்க்கும் சேர்த்தே அந்த உரிமை கிட்டியது.

அவ்வாறாயின் வழக்கப்படித் தீர்த்துவிடுவது செல்லாதா? அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்கப்படியான மணமுறிவைக் காத்துள்ளது. ஆனால் அவ்வழக்கம் தொன்றுதொட்டு இடையறாது நிலவுகிறது என்பதை, அதைச் சொல்பவரே சான்றுகளோடு மெய்ப்பிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002இல் இதனை வலியுறுத்தியுள்ளது. வெறும் தாள் சான்றாகாது. வக்கீல் நோட்டீசும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதும் மணமுறிவு ஆகமாட்டா. முதல் மணம் நிலுவையிலிருக்க மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமுமாகும். எனினும் அதிற் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் முறையான பிள்ளைகளாகவே ஏற்கிறது என்பது ஆறுதல்.

நிற்க. நீதிமன்ற நடைமுறையைப் பார்ப்போம். மணமுறிவுக்கு இரு வழிகள் உண்டு.

முதல் வழி, இருவரும் மனமொத்துப் பிரிவது; 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுச் செய்யலாம். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்திற்குள், மீண்டும் நீதிபதி முன் தோன்றித் தம் இசைவை உறுதிசெய்ய வேண்டும். அதற்குள் மனம் மாறினால் ஒருவர் பின்வாங்கலாம். தக்க நிலையில் ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

இரண்டாம் வழி, ஒருவர் மட்டும் வழக்கிடுவது. கொடுமை, பிறர்மனை உறவு, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டிருத்தல், ஏழாண்டாக உயிரோடிருப்பதாகத் தகவலின்மை முதலிய காரணங்களுள் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும். மணமாகி ஓராண்டு முடியுமுன், மிகக் கடுமையான இன்னல் இருந்தாலன்றி, மனுச் செய்ய இயலாது. எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை, எதிர்மனு, சமரச முயற்சி, சாட்சி விசாரணை, வாதம் என வழக்கு நடந்து தீர்ப்பு வரும். மேல்முறையீட்டுக் காலம் கழிந்த பின்னரே மறுமணம் கூடும்.

மணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பினர் வாழும் இடம் ஆகியவற்றிற்குரிய நீதிமன்றத்தில் வழக்கிடலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மனைவி தான் வாழும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம். தாய்வீடு திரும்பிய பெண் கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். பிள்ளைகளின் பராமரிப்புக்கும் ஆணை பெறலாம். மணத்தை மெய்ப்பிக்க அழைப்பிதழும் நிழற்படமும் உதவும். பதிவுச் சான்றே வலுவானது. தமிழகத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படித் திருமணப் பதிவு கட்டாயம். கிறித்தவ உறவினர்க்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் பொருந்தும். 2001 முதல் அவர்களும் மனமொத்துப் பிரியலாம்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணத்திற்கு எங்கே போவது?" என்பீர்கள். இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்குரைஞர் பெறும் தகுதியை அளிக்கிறது. நம் பெண்ணுக்கு அத்தகுதி இருவகையால் உண்டு. இது பிச்சையன்று, உரிமை. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் ஒதுங்கிவிட வேண்டுமென்பது நம் கருத்தன்று. சேர்த்துவைக்க முயலட்டும், சீர்வரிசையைத் திருப்பித் தரச் செய்யட்டும். சேர இயலாதெனில், இருவரையும் நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்வதே அவர்களுக்குப் பெருமை. பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். எழுதத் தெரிந்தவன் எதை எழுதுகிறோம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நமக்கு அது அன்று தெரியவில்லை.

இனி எவரேனும் தாளோடு வந்து நம்மை எழுதக் கேட்டால், சட்டப்பணிகள் குழுவுக்கு விண்ணப்பம் எழுதித் தருவோம். நீங்களும் அவ்வாறே செய்வீர்களென நம்பி அமைகின்றோம்.