சுழலும் தட்டும் ஒரு மாணவியின் கேள்வியும்

(மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் ரூதர்ஃபோர்டு அணு மாதிரியின் குறையை விளக்கிக்கொண்டிருந்தேன். வட்டப்பாதையில் சுற்றும் எலக்ட்ரான் முடுக்கமடைகிறது. முடுக்கமடையும் மின்துகள் மின்காந்த அலைகளை உமிழும். ஆகவே அது ஆற்றலை இழந்து அணுக்கருவில் விழ வேண்டும். வழக்கமாக நாம் சொல்வதுதான். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், வட்டச் சுருளில் மின்னோட்டம் பாயும்போதும் எலக்ட்ரான்கள் சுற்றத்தானே செய்கின்றன? அது ஏன் அலையை உமிழ்வதில்லை?"

எனக்கு விடை தெரியவில்லை. "அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்காரும்மா" என்றேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் நான் தேடிப் படித்தேன்.

1876இல் ஹென்றி ரோலண்டு என்ற அமெரிக்கர், பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தார். பொன் பூசிய எபோனைட் வட்டத்தகட்டுக்கு மின்னூட்டம் கொடுத்து, நொடிக்கு ஏறத்தாழ 60 முறை சுழற்றினார். அருகே தொங்கிய காந்த ஊசி மிகச் சிறிதளவு விலகியது. கம்பியும் இல்லை, மின்கலமும் இணைக்கப்படவில்லை. மின்னூட்டத்தைச் சுமந்து தகடு சுழல்வதே ஒரு மின்னோட்டம்தான்.

ஆக, காந்தப்புலம் உண்டு. அலை உண்டா? மின்னூட்டம் எங்கும் சீராகப் பரவியிருந்து, சுழலும் வேகமும் மாறாமல் இருந்தால் அலை இல்லை.

வகுப்பில் நான் இதற்கு ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்கிறேன். விளிம்பில் ஒரே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிச் சுழற்றினால், பொட்டு இங்கும் அங்கும் போவது தெரியும். பொட்டை எடுத்துவிட்டுச் சுழற்றினால், தட்டு சுற்றுகிறதா நிற்கிறதா என்றே பின்வரிசைக்குத் தெரியாது. ஒரு பகுதி விட்டுப்போன இடத்தை அடுத்த பகுதி உடனே நிரப்பிவிடுகிறது. மின்னூட்டப் பரவலும் மின்னோட்டமும் நேரத்தோடு மாறாதபோது புலமும் மாறாது. புலம் மாறாவிட்டால் அலை ஏது?

இடைப்பட்ட நிலை இன்னும் சுவையானது. வளையத்தில் எதிரெதிரே இரண்டு துகள்கள் மெதுவாகச் சுற்றினால், ஒன்றின் அலையில் பெரும்பகுதியை மற்றது அழித்துவிடும். சம இடைவெளியில் சுற்றும் துகள்களுக்கு ஜே.ஜே. தாம்சன் 1903இல் கணக்கிட்டுக் காட்டினார்: வேகம் ஒளியின் வேகத்தைவிட மிகக் குறைவாக இருக்கும்வரை, துகள்களின் எண்ணிக்கை கூடக்கூட மொத்தக் கதிர்வீச்சு கிடுகிடுவெனக் குறைகிறது. சுருளிலோ எண்ணிலடங்காத எலக்ட்ரான்கள், நத்தை வேகத்தில். மாறாக, இந்தூரில் உள்ள இண்டஸ்-2 வளையத்தில் எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாக, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றுகின்றன. அங்கே எக்ஸ் கதிர்வரை தாராளமாகக் கிடைக்கிறது.

பாடநூல் வரி தவறல்ல. அது தனித் துகளைப் பற்றியது. ஹைட்ரஜனில் இருப்பது ஒரே எலக்ட்ரான், அதன் அலையை அழிக்க எதிரே துணை இல்லை. ஆனால் வட்டச் சுருள் முதல் தொகுதியிலும் அணு இரண்டாம் தொகுதியிலும் இருப்பதால், நாம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. அவள் பார்த்தாள்.

இப்போது ஆண்டுதோறும் அணு மாதிரி பாடத்துக்கு முந்தைய நாள், அவளுடைய கேள்வியை நானே கரும்பலகையில் எழுதிவிட்டு வருகிறேன். மறுநாள் தட்டோடு போகிறேன்.