மெர்போக்கில் ஒரு நினைவுப் பூங்கா



ஊரின் வரலாற்றையும் ஊருக்கு உழைத்த பெரியோரையும் மறவாதிருக்கும் பொருட்டு நினைவுப் பூங்கா அமைப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். சென்னை கிண்டியில் 1956-ஆம் ஆண்டில் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. பின்னாளில் அதே வளாகத்தில் இராஜாஜிக்கும் காமராசருக்கும் நினைவகங்கள் எழுந்தன. நம் தலைநகரான கோலாலம்பூரில் நாட்டைக் காக்க உயிர் நீத்தவர்களுக்காக எழுப்பப்பட்ட தேசிய நினைவுச் சின்னம் 1966-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. இத்தகைய இடங்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் நிழலில் சற்று அமர்வார்கள். பிள்ளைகள் ஓடியாடுவார்கள். ஓடியாடும் பிள்ளை திடீரென்று நின்று, "இவங்க யாரு தாத்தா?" என்று கேட்கும். தாத்தா பதில் சொல்வார். பூங்கா அமைத்ததன் பயன் அந்தக் கேள்வியிலும் பதிலிலும்தான் இருக்கிறது.

நம் கெடா மாநிலத்தில், நம் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே அப்படி ஓர் இடம் உண்டு. பீடோங்கிலிருந்து செமெலிங் வழியாக மெர்போக்கிற்குப் போனால், ஜெராய் மலையின் அடிவாரத்தில், புக்கிட் பத்து பஹாட் என்னும் குன்றின் சரிவில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம் அமைந்துள்ளது. அது 1980-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பெயருக்கு அரும்பொருளகம் என்றாலும், கட்டடத்தைச் சுற்றியுள்ள வளாகம் முழுவதும் ஒரு பூங்காவே. மரங்களின் நிழல் உண்டு. பக்கத்தில் மலையோடை பாய்கிறது. புல்தரையில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. விடுமுறை நாளில் அங்கே போகிற நம்மவர் பலர் ஓடையில் குளித்து, கட்டிச் சென்ற சோற்றை உண்டு திரும்பி விடுகிறார்கள். அந்தக் கற்கள் சொல்லும் செய்தியையும் கேட்டுவிட்டு வந்தால் போன பயணம் முழுப் பயணமாகும். ஆகவே அதனைப் பற்றி இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

வளாகத்தில் முதன்மையானது புக்கிட் பத்து பஹாட் கோயில். மலாய் மொழியில் பத்து என்றால் கல், பஹாட் என்றால் உளி. உளி பட்ட கற்கள் கிடந்ததால் குன்றுக்கே அந்தப் பெயர் வந்தது. கருங்கல்லால் அமைந்த இது ஒரு சிவன் கோயில் என்பது ஆய்வாளர் கருத்து. ஏறத்தாழ 1,000 ஆண்டுப் பழமை உடையது. கருவறை இருந்த மேடையும், அதன் முன்னே மண்டபம் இருந்த தளமும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. மண்டபத் தளத்தில் குழி வெட்டிய கற்கள் பல இருப்பதைக் காணலாம். அவை மரத்தூண்களை நிறுத்துவதற்கான கற்கள். தூணும் கூரையும் மரத்தால் ஆனவை ஆகையால் மழையிலும் வெயிலிலும் மட்கிப் போயின. கல் மட்டும் நின்றது. பலகையும் அத்தாப்பும் கொண்டு கட்டப்பட்ட தோட்டத்துக் கோயில்களைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கோயிலின் அடியில் கல் பேழைகள் கிடைத்தன. கல்லைச் சதுரமாக வெட்டி, அதில் சிறு குழிகள் குடைந்து, செம்புக் கலசமும் பொன் தகடும் மணிகளும் வைத்து மூடியிருந்தார்கள். வீடு கட்டும்போது நிலைவாசலில் நவதானியமும் காசும் வைக்கிறோம் அல்லவா? அதே எண்ணம்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் குன்றில் வேலை செய்தவர்கள் நமக்கு அந்நியர் அல்லர் என்று அந்தப் பேழை ஒன்றே சொல்லிவிடுகிறது.

வளாகத்தில் உள்ள வேறு சில அடித்தளங்கள் அங்கேயே இருந்தவை அல்ல. பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் முதலிய இடங்களில் அகழ்ந்தெடுத்தவற்றைப் பாதுகாப்புக்காகக் கொண்டு வந்து, முன்பு இருந்தவாறே அடுக்கி வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் உள்ளே சீன நாட்டுப் பீங்கான் துண்டுகள், கண்ணாடிப் பொருள்கள், பல நிற மணிகள் ஆகியவற்றைக் காணலாம். மெர்போக் ஆற்று முகத்துவாரம் ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாக விளங்கியது. கடலில் வரும் மாலுமிக்கு வெகு தொலைவிலேயே கண்ணில் படுவது ஜெராய் மலை; அதுவே அவனுக்குக் கலங்கரை விளக்கம். ஆகவேதான் தமிழகம், வங்காளம், சீனம், அரபு நாடு எனப் பல திசையிலிருந்தும் கப்பல்கள் இங்கே கூடின.

தமிழ் நூல்களில் இந்த நாட்டின் பெயர் கடாரம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளும் குறிக்கப்படுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராஜராஜ சோழன் வழங்கினான். அவன் மகன் இராஜேந்திரனோ 1025-ஆம் ஆண்டில் கடற்படையை அனுப்பிக் கடாரத்தை வென்று, கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்றான். நட்பும் இருந்தது, போரும் இருந்தது.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது அளவோடு சொல்வது நல்லது. இந்தக் கோயில்களை எல்லாம் இராஜேந்திர சோழனே கட்டினான் என்று சிலர் சொல்வது உண்டு. அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே இல்லை. இந்தப் பள்ளத்தாக்கு இந்த மண்ணின் மக்களும் வணிகத்துக்கு வந்த பல நாட்டாரும் சேர்ந்து வளர்த்த இடம். நம் முன்னோருக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. உள்ளதைச் சொன்னாலே நமக்குப் போதிய பெருமை உண்டு.

இனி, ஒரு முக்கியமான செய்தி. புக்கிட் பத்து பஹாட் கோயிலைக் கட்டிய சிற்பி யார், கட்டுவித்தவர் யார் என்று எந்தக் கல்லிலும் எழுதப்படவில்லை. அத்தனை உழைப்பும் பெயரற்ற உழைப்பாகிவிட்டது. ஆனால் அவர்களுக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட ஒரு மாலுமியின் பெயர் நமக்குத் தெரியும். அவர் பெயர் புத்தகுப்தர். 1834-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி செபராங் பிறை பகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அந்தக் கல். இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன் தன் பயணம் இனிதே நிறைவேற வேண்டி வெட்டுவித்தது என்று அதில் வடமொழியில் எழுதியிருக்கிறது. இரத்தமிருத்திகை என்றால் செம்மண். வங்காளத்தில் இருந்த ஓர் ஊர். அந்தக் கல் இப்போது கல்கத்தா அரும்பொருளகத்தில் உள்ளது. புத்தகுப்தர் அரசரல்லர், கப்பலோட்டி. அவர் பெயர் 1,500 ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம், அதை ஒருவர் எழுதி வைத்தார் என்பதே.

எழுதி வைத்தால் மட்டும் போதாது; அதைத் தேடி எடுத்துக் காப்பவர்களும் வேண்டும். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது பழைய இடங்களைக் கண்டறிந்து எண்ணிட்டார்கள். அவற்றுள் எட்டாம் எண் உடையதே புக்கிட் பத்து பஹாட் கோயில். 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் என்பவரின் மேற்பார்வையில் சிதறிக் கிடந்த கற்களை எடுத்து மீண்டும் அடுக்கினார்கள். அதனால்தான் இன்று நாம் பார்க்க ஒரு கோயில் இருக்கிறது.

காக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கும் இதே வட்டாரத்தில் சான்று உண்டு. சுங்கை பத்துப் பகுதியில் பதினோராம் எண் உடைய கோயிலின் அடித்தளம் தனியார் நிலத்தில் இருந்தது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அது பதிவு செய்யப்படவில்லை. 2013-ஆம் ஆண்டில் வீடுகள் கட்டுவதற்காக அந்த நிலத்தைத் திருத்தியபோது இயந்திரங்கள் அதைத் தகர்த்துவிட்டன. செய்தி வெளியானபோது நாடெங்கும் வருத்தமும் கண்டனமும் எழுந்தன. ஆனால் தகர்ந்தது தகர்ந்ததுதான்.

நேயர்களே, கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால் லயத்துப் பலகைக்கும் பெரட்டுக் களத்து மண்ணுக்கும் என்ன கதி? இதை நாம் சிந்திக்க வேண்டும். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டங்களும் பல கைமாறி, வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. நம்மவர் தாமான்களில் குடியேறிவிட்டனர். மலாய் மொழியில் தாமான் என்பதற்குப் பூங்கா என்றே பொருள். ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்த தோட்டத்தின் பெயரை இங்கே வளரும் பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள்.

அறிய வேண்டிய பெயர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. போர் முடிந்தபின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதற்குத் தலைமை ஏற்றார். கள்ளுக்கடைகளை மூடவேண்டும், தொழிலாளி தலைநிமிர்ந்து வாழவேண்டும் என்று அவர்கள் போராடினார்கள். பிறகு 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களை ஒன்றுசேர்த்தார். 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள் நம் மக்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். சம்பந்தனின் பெயரைச் சாலைகளும் கட்டடங்களும் சொல்லும். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளியின் பெயரை யார் சொல்வது?

இன்னும் ஒன்று. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. தாய்லாந்தில் காஞ்சனபுரியில் உள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் அடக்கமாகியுள்ளனர். அங்கே புல்லை வெட்டி, பூச்செடி நட்டு, பெயர் பொறித்த கல் வைத்துப் போற்றுகிறார்கள். போற்றத் தக்கதே. அதே பாதையில் மாண்ட நம்மவருக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. "எங்க தாத்தா சயாமுக்குப் போனார், வரல" என்று ஒரு குடும்பம் சொல்லும் சொல்லே அவருக்கு உள்ள நினைவுச் சின்னம். சொல்பவர் மறைந்தால் அதுவும் மறையும்.

ஆகவே நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பூங்கா அமைக்க நிலமும் பணமும் வேண்டும். ஓர் அப்பியாசப் புத்தகம் வாங்க அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புத்தகத்தை இதற்கென்று வையுங்கள். பிள்ளைகள் பாட்டியிடம் உட்கார்ந்து, "பாட்டி, நீங்க எந்தத் தோட்டத்துல பொறந்தீங்க? உங்க அப்பா எந்த ஊர்ல இருந்து வந்தாரு?" என்று கேட்கட்டும். கோயிலை முதலில் கட்டியவர்கள் யார், பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யார், பிரசவம் பார்த்த அம்மா யார், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டவர் யார், சயாமுக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதட்டும். கண்ணால் கண்டதை ஒரு பக்கத்திலும், பிறர் சொல்லிக் கேட்டதை எதிர்ப்பக்கத்திலும் எழுதினால் பின்னால் படிப்பவருக்குக் குழப்பம் இராது.

பழைய புகைப்படங்கள் இருந்தால், அதில் இருப்பவர்களின் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் பின்பக்கத்தில் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். தோட்டம் விற்கப்படுவதாகச் செய்தி வந்தால், இடுகாட்டிற்குச் சென்று கல்லறைகளில் உள்ள பெயர்களை முதலில் எழுதிக் கொள்ளுங்கள். எழுதியதைப் படியெடுத்து, ஒரு படியைக் கோயிலிலோ பள்ளியிலோ கொடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் இருப்பது தீயிலோ வெள்ளத்திலோ போய்விடக் கூடும்.

இவ்வாறு பத்துத் தோட்டத்துப் புத்தகங்கள் சேர்ந்தால், நாளை ஒரு நினைவுப் பூங்கா அமைப்போம் என்று நகர மன்றத்தை அணுகுகிறவர்களிடம் கொடுக்க நம்மிடம் பெயர்கள் இருக்கும். பெயர்கள் இல்லாமல் கல் வைத்து என்ன பயன்?

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். கற்களின் மேல் ஏறி மிதிக்க விடாமல், சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தூண் நின்ற குழிகளைக் காட்டுங்கள். கட்டியவர் பெயர் தெரியாது என்பதையும், புத்தகுப்தர் பெயர் தெரியும் என்பதையும், அந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அந்த அப்பியாசப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வீட்டில் மூத்தவரின் பெயரை எழுதித் தொடங்கச் சொல்லுங்கள்.