கள்ளத்தோணி – கள்ளம் யாருடையது?



‘கள்ளத்தோணி’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்க. கள்ளம் தோணிக்கு. அனுமதியில்லாமல் கடல் தாண்டுகிற படகு, அவ்வளவுதான். இலங்கையில் அந்தச் சொல் படகைவிட்டு இறங்கி மனுசன்மேல் ஏறிக்கொண்டது. தோணியையே பார்க்காமல் அட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்த குழந்தைக்கும் அதே பேர். சிங்களவர் மட்டுமா சொன்னாங்க? தமிழ் பேசுகிற மேல்சாதிக்காரனும் வசவாகச் சொன்னான்.

சொல்லப்பட்டவங்க யாரு? தோட்டங்களுக்கு அதிகம் ஆள் கொடுத்த மாவட்டங்களில் சேலமும் திருச்சியும் உண்டு. 1876–78 பஞ்சம் சேலம் ஜில்லாவை உலுக்கிப் போட்டது. கப்பலேறியவர்களில் பெரும்பகுதி நம்ம சேரி சனம்: பறையர், பள்ளர், அருந்ததியர். பண்ணைக் கடனுக்குத் தப்பிப் போனவனுக்கு அங்கே கங்காணிக் கடன். அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

இவங்க கள்ளமாவா போனாங்க? மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, தோட்டத்து எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் மாட்டி, தலைமன்னாருக்கு ஏற்றி அனுப்பியது வெள்ளை அரசும் தோட்டத் துரைகளும். மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி அடையாளம் கட்டி அனுப்பினவன் கள்ளன் இல்லையாம்!

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாங்க. சந்தையில் ஆட்டைக் கேட்டா விலை பேசறான்?

இங்கே வந்ததும் அரசு வைத்த பேர் ‘தாயகம் திரும்பியோர்’. அட்டனில் பிறந்தவன் எங்கே திரும்புவது? ஊர் வைத்த பேர் ‘சிலோன்காரன்’. சாதியை மட்டும் ஊர் மறக்கல.

1983க்குப் பிறகு அகதியாக வந்தவர்களிலும் மலையகத்தார் உண்டு. 2003 குடியுரிமைத் திருத்தச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. நம்ம பழைய கள்ளத்தோணிதான், சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கு. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கு மட்டும் கதவைத் திறந்தது. இலங்கை பட்டியலில் இல்லை. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பலகையில் பேர் மாறியது. பலகைக்குப் பின்னால் குடியிருக்கிறவங்க கையில் ஓட்டுரிமை அட்டை இன்னும் வரல.