தாத்தாவோட புல்லட்: விக்கிறதா, புதுசாக்குறதா, ஓட்டுறதா?

இன்னைக்கு ஒரே ஒரு பைக்கைப் பற்றித்தான் பேசப்போறேன். 1973 மாடல் புல்லட் 350. என் தாத்தாவோடது. ஒரகடம் பக்கத்தில் எங்க மாட்டுக்கொட்டகையில், தார்ப்பாய்க்குக் கீழே 9 வருஷமா நிற்குது. நிலம் சிப்காட்டுக்குப் போன பிறகு தாத்தா பெயரில் மிஞ்சினது இந்த வண்டி மட்டும்தான்.

வேடிக்கை என்னன்னா, நான் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில்தான் ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி. ஒரகடத்தில் 2013ல் வந்தது, அடுத்தது வல்லம் வடகாலில் 2017ல். புத்தம் புது வண்டிகள் லாரியில் போறதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா, அதே பெயரில் துருப்பிடிச்ச ஒண்ணு. இது திருவொற்றியூரில் செஞ்ச வண்டி. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து கம்பெனியோடு கூட்டு சேர்ந்து, முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, பிறகு முழுசா இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்து கம்பெனி 1970 வாக்கில் மூடிருச்சு. நம்ம ஊர்ப் பிள்ளை ஓடிட்டே இருந்தது.

போன தீபாவளி சமயத்தில் ஒரு புரோக்கர் வந்தார். "தம்பி, எழுபதாயிரம். கையில காசு." தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். அப்பா ஒண்ணும் சொல்லலை. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். வேண்டாம்னு சொல்ல அவருக்கு அதைவிட்டா வேற வழி தெரியாது. நான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பழைய மெக்கானிக், எல்லாருக்கும் பாய். அவரைக் கூட்டிட்டு வந்தேன். இன்ஜினைத் தொடுவார்னு நினைச்சா, பேப்பரும் பென்சிலும் கேட்டார். கிராங்க் கேஸில் இருக்கிற இன்ஜின் நம்பர், ஃபிரேமில் இருக்கிற சேஸிஸ் நம்பர், ரெண்டையும் பென்சிலால் தேய்ச்சு எடுத்து ஆர்.சி. புக்கோட ஒப்பிட்டார். ரெண்டும் ஒத்துப்போச்சு. "இதுக்குத்தான் தம்பி பாதி விலை. நம்பர் மாறியிருந்தா இது வெறும் இரும்பு, கிலோ கணக்குதான்."

அப்புறம் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியா கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் கழிச்சு வந்து கிக்கரைக் கையால் மெதுவா அமுக்கினார். இறங்குச்சு. இன்ஜின் பிடிக்கலை. ஹெட்டைப் பிரிச்சா பிஸ்டன் தலையில் 20னு இருந்தது. அதாவது ஒரு தடவை போர் அடிச்சு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டிருக்காங்க. சிலிண்டரில் இன்னும் சதை இருக்கு.

செலவுக்கு வருவோம். இன்ஜின், பிரேக், ஒயரிங், டயர் மட்டும்னா நாற்பத்தஞ்சாயிரம். பெயின்ட், குரோம், சீட்டு எல்லாம் சேர்த்து ஷோரூம் மாதிரி ஆக்கணும்னா ஒண்ணே கால் லட்சம். அவ்வளவு போட்டா விலை அவ்வளவு ஏறுமா? பாய் சிரிச்சார். ஏறாதாம். பளபளன்னு இருக்கிற புல்லட் ஊரெல்லாம் கிடைக்குது, தொடாத வண்டிதான் கிடைக்கிறதில்லைன்னார். எங்க டேங்கில் கையால் போட்ட தங்கக் கோடு பாதி அழிஞ்சிருக்கு. தாத்தா முழங்கால் உரசின இடம் அது. அதுக்கு மேல பெயின்ட் அடிக்க எனக்கு மனசு வரலை. இது என் பைத்தியம், உங்களுக்கு அவசியமில்லை.

சட்டம் இன்னொரு கணக்கு. 2021ல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றாம அசலா இருந்தா, நம்பரில் 'விஏ'ன்னு தனி எழுத்தோட பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கேட்க நல்லா இருக்கு. ஆனா அப்படிப் பதிஞ்சா கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. நான் ஷிஃப்ட்டுக்குப் போகணும்ல? அதனால சாதாரண ஆர்.சி.யையே புதுப்பிக்கிறதுன்னு முடிவு பண்ணேன். 20 வருஷம் தாண்டின பைக்குக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாய் ஆக்கியிருக்காங்க.

இங்கதான் சிக்கினேன். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில். உரிமையாளர் இறந்தா வாரிசு 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், ஃபார்ம் 31 கொடுத்துப் பெயர் மாற்றணும். நாங்க 9 வருஷம் தூங்கிட்டோம். வாரிசுச் சான்றிதழில் அத்தை பெயரும் இருக்கு. அவங்க கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது. விக்கிறதும்தான்.

அத்தை வாலாஜாபாத்தில் இருக்காங்க. போய் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "அந்த டேங்க் மேல உட்கார்ந்துதான்டா நான் பள்ளிக்கூடம் போனேன். வித்தா என் பங்கைக் கொடுத்துடு. ஓட்டுறதா இருந்தா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

புரோக்கருக்கு போன் பண்ணி வேண்டாம்னுட்டேன். ஃபீஸுக்கு அம்மாவோட செயினை அடகு வைச்சோம். அது எனக்கு இன்னும் உறுத்துது. மாசாமாசம் வட்டி நான்தான் கட்டுறேன். இதை மறைச்சுட்டு பாரம்பரியம், பாசம்னு பேசினா உங்ககிட்ட பொய் சொன்ன மாதிரி ஆகிடும்.

இப்போ இன்ஜின் பாய் கடையில் இருக்கு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் கால் ரெண்டும் நேர் எதிராப் பழகினது. அப்பாதான் சொல்லித்தர்றார், ராத்திரி சாப்பிட்டுட்டு, இன்ஜின் இல்லாத வண்டியில் என்னை உட்கார வைச்சு.