தமக்கையார் திறந்து வைத்த வாயில்



பேயுருக் கொண்ட அடியவரை எம்பெருமான் அம்மையே என்றழைத்தான்; அவ்வம்மையார் ஆடல் கண்டிருக்கும் இரத்தினசபைத் தலம் இது. இத்திருவாதிரை நாளில் இங்கே பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமேயாம்.

நேற்று அன்பர் ஒருவர், "பதினாறு வயது மகன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, கைப்பேசியே கதியென்றிருக்கிறான். அடித்தும் பார்த்துவிட்டேன்" என்று கண்கலங்கினார். விசாரசருமரை அடித்த எச்சதத்தனும் தந்தையே. பிள்ளை செய்வதை மரத்தின்மேல் ஒளிந்திருந்து பார்த்தான், அருகமர்ந்து கேட்டானில்லை.

திலகவதியாரை நினையுங்கள். திருவாமூரில் பெற்றோர் மறைந்தனர். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்தவர், தம்பி மருள்நீக்கியார் அடிவீழ்ந்து அழுததனால் அவருக்காகவே உயிர் தாங்கினார். அத்தம்பியே பின்னர்ச் சமணம் புகுந்து தருமசேனரானார்! எத்துணை நொந்திருப்பார்? ஆயினும் வைது ஓலை விடுத்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. திருவதிகைப் பெருமானிடமே முறையிட்டார்.

சூலைநோய் பற்றியபோது தம்பி ஆளனுப்பினார். அவ்விடத்துக்கு வாரேன் என்று அம்மையார் மறுத்தார். இவ்வுறுதியையும் பெற்றோர் கவனித்தல் வேண்டும். கேட்டதெல்லாம் கொடுப்பது அன்பாகாது. ஆனால், இரவோடிரவாக அவரே வந்து காலில் விழுந்தபோது, ஏன் போனாய் என்று ஒரு சொல் கேட்டாரில்லை. எழுந்திரு என்றார், திருநீறு தந்தார். பள்ளியெழுச்சிப் பொழுதில் திருவலகும் மெழுக்குத் தோண்டியும் எடுத்துக்கொண்டு நாள்தோறும் செல்வதுபோலவே திருக்கோயிலுக்குப் புறப்பட்டார், தம்பியையும் உடனழைத்துக்கொண்டு.